தேசிங்குராசன்

செஞ்சிக்கு வடக்கே, சில கல் தொலைவில், சிங்கவரம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. ஊரை ஒட்டி எழுந்த குன்றின்மீது, பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த கோயில் ஒன்று உண்டு. அங்கே அரங்கநாதப் பெருமாள் பாம்பணைமேல் பள்ளி கொண்டிருக்கின்றார். இருபது அடிக்கு மேல் நீண்ட அத்திருவுருவம் வேறிடத்தில் செதுக்கிக் கொணர்ந்து வைத்ததன்று. மலையோடு மலையாக, தாய்ப்பாறையிலேயே வடித்தெடுத்ததாகும். படியேறிச் சென்று தொழுவோர் திருமுகத்தை உற்று நோக்குவர். அது சற்றே ஒருபுறம் திரும்பியிருப்பதுபோலத் தோன்றும். காரணம் கேட்டால் அவ்வூர்ச் சிறுவரும் தயங்காமல் ஒரு கதை கூறுவர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் போருக்குப் புறப்பட்ட இளைஞன் ஒருவன் இப்பெருமானிடம் விடை வேண்டி நின்றான். போகவேண்டா என்பதற்கு அடையாளமாகப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் அக்குறிப்பை ஏற்காமல் சென்று மடிந்தான். அவ்விளைஞனே தேசிங்குராசன்.

தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஓராண்டு அளவேயாகும். அக்கோட்டையை அவனுக்கு முன் ஆண்டவர் பலர். விசயநகரப் பேரரசின்கீழ் நாயக்கர்கள் அங்கே மதிலும் மாளிகையும் எழுப்பினர். 1677ஆம் ஆண்டில் சிவாசி அதனைக் கைப்பற்றி மேலும் வலிமைப்படுத்தினார். 2025ஆம் ஆண்டில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. ஆயினும் சுற்றுவட்டாரத்து மக்களைக் கேட்டால், அது தேசிங்குராசன் கோட்டை என்றே மறுமொழி வரும். கட்டியவரையும் நெடுநாள் காத்தவரையும் மறந்த ஊர், ஓராண்டு இருந்து தோற்றுப்போன ஒருவனை நினைவில் வைத்திருப்பது வியப்புக்குரியது. அவ்வியப்பை விளக்குவது அவன் வரலாறு மட்டுமன்று. அவன் இறந்தபின் மக்கள் அவனைப் பற்றிப் பாடியும் படித்தும் வந்த கதைநூலும் ஆகும்.

வரலாற்றை முதலில் காண்போம். தென்னாட்டை முழுதும் தன் ஆட்சிக்குள் கொணர விரும்பிய ஔரங்கசீப், சிவாசியின் மகன் இராசாராம் செஞ்சியில் புகலடைந்திருந்ததை அறிந்து, சுல்பிகார்கான் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். 1690இல் தொடங்கிய முற்றுகை இடையிடையே தளர்ந்தும் மீண்டும் இறுகியும் 1698 வரை நீடித்தது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதில்களைப் பார்த்தவர், எட்டாண்டு பிடித்ததற்காக வியப்படையமாட்டார். இராசாராம் தப்பிச் சென்றார்; கோட்டை மொகலாயர் வசமாயிற்று. பின்னர், ஏறத்தாழ 1700ஆம் ஆண்டில், வடநாட்டுப் புந்தேல்கண்டைச் சேர்ந்த இராசபுத்திரராகிய சுவரூப்சிங் என்பவர் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டார். இவரே தேசிங்கின் தந்தை.

சுவரூப்சிங் முடிசூடிய மன்னர் அல்லர். பேரரசரின் ஆணையால் கோட்டையையும் அதனைச் சார்ந்த நிலத்தையும் காத்து, வரி தண்டிச் செலுத்தவேண்டிய அதிகாரி. ஆனால் ஔரங்கசீப் 1707இல் இறந்தபின் தில்லியின் பிடி தளர்ந்தது. தொலைவில் இருந்த தலைவர் ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் சிற்றரசர் போலவே நடக்கலாயினர். சுவரூப்சிங்கும் அவ்வாறே நடந்தார். வரிப்பணம் தொடர்பாகக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரோடு அவருக்குப் பூசல் மூண்டு, 1710ஆம் ஆண்டையொட்டி அது சண்டையாகவும் வளர்ந்தது. அதே 1710இல் ஆர்க்காட்டில் சாதத்துல்லாகான் நவாபு ஆனார். கருநாடகப் பகுதியின் வருவாயை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அவருடையது. செஞ்சியிலிருந்து பல்லாண்டுகளாகச் செலுத்தப்படாமல் நின்ற தொகை 70 இலட்சம் ரூபாய் என்று அவர் தரப்பில் கணக்குக் காட்டப்பட்டது. இந்நிலையில் சுவரூப்சிங் இறந்தார்.

தந்தை இறந்த செய்தி புந்தேல்கண்டில் இருந்த மகனுக்கு எட்டிற்று. மகனின் பெயர் தேசுசிங். அப்பெயரைத் தமிழ் நா தன் போக்கில் உருட்டித் தேசிங்கு என்று ஆக்கிக்கொண்டது. அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பர்; பதினெட்டு என்பாரும் உளர். இளமனைவியோடும் தன் நாட்டு வீரர் சிலரோடும் அவன் நெடுந்தொலைவு கடந்து செஞ்சிக்கு வந்து, தந்தையின் பதவியை ஏற்றான். பேரரசர் தந்தைக்கு அளித்த ஆணை தனக்கும் உரியது என்பது அவன் எண்ணம். பதவி தந்தையோடு முடிந்தது, புதிய ஆணை பெற்று நிலுவையையும் தீர்த்தாலன்றி மகனுக்கு உரிமை இல்லை என்பது நவாபின் எண்ணம். நவாபின் வாதத்தில் சட்டம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இளைஞனோ அதனைத் தன் குடிப்பெருமைக்கு நேர்ந்த இழிவாகக் கருதினான். தூதர் வந்தனர், வெறுங்கையோடு திரும்பினர். ஆர்க்காட்டுப் படை செஞ்சியை நோக்கிப் புறப்பட்டது.

ஏட்டில் உள்ள வரலாறு இவ்வளவே. நிலுவைத் தொகை, பதவியுரிமை என்னும் இரண்டுமே போருக்குக் காரணங்கள். செஞ்சியிலேயே வாழ்ந்த நாராயண பிள்ளை என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கருநாடக இராசாக்கள் வரலாறும், பிற்காலத்து ஆராய்ச்சியாளர் எழுதிய நூல்களும் இவற்றை விளக்குகின்றன. ஆனால் வயலில் ஏர் ஓட்டியவரும் திண்ணையில் நெல் குற்றியவரும் அறிந்த தேசிங்கு இக்கணக்குகளுக்கு அப்பாற்பட்டவன். அவனை அவர்களுக்கு அறிமுகம் செய்தது, நாட்டுப்பாடலாய்ப் பிறந்து அச்சேறிய தேசிங்குராசன் கதை.

சென்ற தலைமுறைகளில் திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் பெரிய எழுத்துப் புத்தகங்கள் என்று சில விற்கப்பட்டன. மட்டமான தாளில், தடித்த எழுத்தில், அட்டையில் ஒரு படத்தோடு அவை இருக்கும். விலை மிகக் குறைவு. கண் மங்கிய முதியவரும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவரும் படிக்கத்தக்கவை. உண்மையில் அவற்றை ஒருவர் தமக்குள் படிப்பதில்லை. எழுத்தறிந்த ஒருவர் விளக்கின்முன் அமர்ந்து இராகமிட்டுப் படிக்க, தெருவே சூழ்ந்திருந்து கேட்கும். தொடக்கத்தில் கடவுள் வாழ்த்து உண்டு. இடையிடையே தெய்வங்கள் தோன்றும், கனவில் பேசும், வரம் தரும். கோயிலுக்குச் செல்ல இயலாதவர்க்கும் புராணம் கேட்க வாய்ப்பில்லாதவர்க்கும் சமயம் இப்புத்தகங்களின் வாயிலாகவே வீட்டிற்கு வந்தது. புலவர்கள் இவற்றை நூல் என்று மதித்ததில்லை. மக்களோ புலவர்களின் மதிப்பை எதிர்பார்க்கவும் இல்லை.

அக்கதையில் தேசிங்கு புந்தேல்கண்டிலிருந்து வந்த அதிகாரியின் மகன் அல்லன், செஞ்சியின் இளங்கோ. தந்தையின் பெயர் தேரணிசிங்கு. தில்லிப் பாதுசாவிடம் எவரும் ஏறமுடியாத தெய்வக்குதிரை ஒன்று வந்து சேர்கின்றது. அதன் பெயர் பாராசாரி. அதனை அடக்க இயலாமல் தேரணிசிங்கு தில்லியில் சிறைப்படுகின்றான். தந்தையை மீட்கச் சென்ற மகன் அரங்கநாதரை நினைந்து குதிரையின் மீது தாவி ஏறி, அதனை அடக்கி, அதனையே பரிசாகவும் பெறுகின்றான். இங்கே தொடங்கி இறுதிவரை, அவன் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் சிங்கவரத்துப் பெருமாளின் பெயர் துணை நிற்கின்றது. உணவு உண்பதற்கு முன்னும், உறங்கி எழுந்த பின்னும், வாளை உறையிலிருந்து உருவும்போதும் அவன் வாயில் அப்பெயரே வரும்.

அவனுக்கு உயிர்த்தோழன் ஒருவன் உண்டு. அவன் பெயர் மகமத்கான், இசுலாமியன், வழுதாவூரைச் சேர்ந்தவன். இவன் கதையில் மட்டும் வருபவன் அல்லன். தேசிங்கின் பக்கம் நின்று போரிட்டு மாண்ட வீரனாக வரலாறும் இவனைச் சுட்டுகின்றது. நவாபின் படை வருகின்றது என்ற ஓலை வழுதாவூரை அடையும் நாள், கதைப்படி, மகமத்கானின் மணநாள். பந்தல் எழுந்திருக்கின்றது, உற்றார் கூடியிருக்கின்றனர், மணமகள் அலங்கரித்து அமர்ந்திருக்கின்றாள். ஓலையைப் படித்த மகமத்கான் மணக்கோலத்தோடு எழுந்து, நீலவேணி என்னும் தன் குதிரையின்மீது ஏறிச் செஞ்சிக்கு விரைகின்றான். இப்பகுதியைப் படிக்கும்போது கேட்டிருந்த பெண்கள் கண்ணீர் விடாமல் இருந்ததில்லை என்பர். அக்கண்ணீர் யாருக்காக என்று எண்ணிப் பார்த்தல் தகும். அரங்கநாதரை வழிபடும் ஊரின் பெண்கள், வேறு சமயத்து மணமகன் ஒருவனுக்காகவும் அவன் விட்டுப் பிரிந்த மணமகளுக்காகவும் அழுதனர்.

பிறகு வருகின்றது கோயில் காட்சி. போருக்கு முன் தேசிங்கு பெருமாள் திருமுன் சென்று விடை கேட்கின்றான். அன்று போருக்கு நாள் நன்றாக இல்லை. பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றார். சூழ நின்றவர் அஞ்சுகின்றனர். மறுநாள் போகலாம் என்று மன்றாடுகின்றனர். தேசிங்கு கலங்கவில்லை. பகைவன் வாயிலில் நிற்கும்போது நாள் பார்த்திருப்பது வீரர்க்கு அழகன்று என்று எண்ணிப் பெருமாளை வணங்கிவிட்டுப் புறப்படுகின்றான். மனைவியிடம் திரையின் மறைவிலிருந்தே வெற்றிலை பெற்று விடைகொள்கின்றான் என்றும் கதை சொல்லும்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். சிங்கவரத்துத் திருவுருவம் பல்லவர் காலத்தது. தேசிங்கு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாறையில் வடிக்கப்பட்டது. சிற்பி எவ்வாறு வடித்தானோ அவ்வாறே அம்முகம் இன்றும் உள்ளது. கல் திரும்பவில்லை, கல்லைப் பார்க்கும் கண்ணைக் கதை திருப்பிவிட்டது. அவ்வாறாயின், இக்கதையைக் கட்டியவர் யாரை ஏமாற்ற விரும்பினார்? எவரையும் இல்லை. அவர்முன் ஒரு பெரும் இடர் நின்றது. நாள்தோறும் பெருமாளை நினைந்தவன், குறையொன்றும் இல்லாதவன், இளையவன் தோற்று இறந்தான். நம்பியவனைக் கடவுள் கைவிட்டார் என்று பாடினால் கேட்போர் மனம் உடையும். தேசிங்கின் பக்தியில் குறை இருந்தது என்று பாடினால் வீரன் சிறுத்துப்போவான். பெயர் தெரியாத அப்பாவலர், கடவுளையும் காத்து வீரனையும் காக்கும் வழியைக் கண்டார். கடவுள் முன்னரே எச்சரித்தார். வீரன் எச்சரிக்கையை அறிந்தே சென்றான். தோல்வி நிகழ்ந்தது, ஆனால் அருளும் பொய்க்கவில்லை, ஆண்மையும் பொய்க்கவில்லை.

வரலாற்றுக் காரணங்களையும் அவர் முற்றும் விட்டுவிடவில்லை. செஞ்சிக்கு வரி கேட்டு வந்து அவமதிப்புற்றுத் திரும்பும் தோன்றமல்லன் கதையில் ஒரு சிறு பாத்திரம். அவன், சாதத்துல்லாகான் காலத்தில் ஆர்க்காட்டு ஆட்சியில் உயர்ந்த பதவி வகித்த தோடர்மால் என்பவரின் நிழல் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். தோடர்மால் இந்து சமயத்தவர். படையெடுப்புகளுக்கு அஞ்சி உடையார்பாளையத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த காஞ்சி வரதராசப் பெருமாளின் திருமேனி 1710இல் மீண்டும் காஞ்சிக்கு வரத் துணைபுரிந்தவர் அவர். ஆகவே நவாபின் பக்கத்தில் பெருமாளுக்குத் தொண்டு செய்த இந்து ஒருவர். தேசிங்கின் பக்கத்தில் அவனுக்காக உயிர்விட்ட இசுலாமியர் ஒருவர். இப்போரைச் சமயப்போர் என்று சொல்ல முயல்வோர் இவ்விருவரையும் எங்கே நிறுத்துவர்?

1714ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கம். மழை பெய்து செஞ்சிக்கு அருகில் ஓடும் வராக நதியில் வெள்ளம் புரண்டது. நவாபின் படை தேவனூர், கடலி என்னும் ஊர்ப்புறங்களில் தங்கியிருந்தது. தேசிங்கிடம் இருந்தோர் குதிரைவீரரும் காலாட்களுமாகச் சில நூற்றுவரே. எதிரில் இருந்தோர் பல்லாயிரவர். கோட்டைக்குள் இருந்துகொண்டு காத்திருந்தால், எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய மதில்கள் அவனுக்குத் துணை நின்றிருக்கும். வெள்ளம் வடியும்வரை பொறுத்திருந்தாலும் நன்மை உண்டு. அவன் இரண்டையும் செய்யவில்லை. ஆற்றில் குதிரையை இறக்கினான். வெள்ளத்தைக் கடந்து அக்கரை சேர்ந்தவர் மிகச் சிலரே. பின்னால் வந்தவர் நீரில் தடுமாற, முன்னால் சென்றவன் திரும்பிப் பாராமல் பகைப்படைக்குள் பாய்ந்தான். இவ்விடத்தில் கதையும் வரலாறும் ஏறத்தாழ ஒன்றாகவே நடக்கின்றன.

மகமத்கான் குண்டு பட்டு வீழ்ந்தான். தேசிங்கு படைத்தலைவர் அமர்ந்திருந்த யானையை நோக்கிக் குதிரையைச் செலுத்தினான். குதிரை முன்னங்கால்களைத் தூக்கி யானையின்மேல் எழுந்தது. அப்போது அதன் கால்கள் வெட்டுண்டன. தரையில் நின்றும் அவன் வாளை விடவில்லை. இறுதியில் துப்பாக்கிக் குண்டு அவனைச் சாய்த்தது. ஆனால் நாட்டுப்பாடல் இதற்கும் இணங்கவில்லை. பகைவன் கையால் தேசிங்கு மடிந்தான் என்று பாட அதற்கு மனம் வரவில்லை. தோழன் இறந்தபின் வாழ விரும்பாமல், தன் வாளை வானில் எறிந்து, அது கீழே வருகையில் மார்பில் ஏந்தி உயிர்விட்டான் என்று பாடுவோர் உண்டு. துப்பாக்கியும் பெரும்படையும் வென்ற களத்தில், பாவலர் தம்மால் இயன்ற ஒரே வெற்றியை அவனுக்கு அளித்தார்.

போர் முடிந்ததும் சாதத்துல்லாகான் நடந்துகொண்ட முறை குறிப்பிடத்தக்கது. பகைவனின் உடலைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து உரிய மரியாதையோடு எரியூட்டச் செய்தார். கோட்டைக்குள் செட்டிகுளம் என்னும் குளக்கரையில் அவ்விடத்தை இன்றும் காட்டுவர். இளமனைவி இராணிபாய் அத்தீயிலேயே புகுந்தாள். உடன்கட்டை ஏறும் கொடிய வழக்கத்தை அக்காலம் கற்பு என்று போற்றியது; கதைநூலும் அவ்வாறே போற்றுகின்றது. வாழவேண்டிய ஒரு பெண்ணின் உயிர் அது என்று எண்ணும்போது, கதையின் புகழுரை இன்று செவிக்கு இனிமையாக இல்லை. அவள் நினைவாகவே ஆர்க்காட்டிற்கு அருகில் நவாபு ஓர் ஊரை அமைத்து இராணிப்பேட்டை என்று பெயரிட்டார் என வழங்குகின்றது.

செஞ்சி அதன்பின் ஆர்க்காட்டு ஆட்சிக்குள் அடங்கிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கும், 1761இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. மதில்களில் செடி முளைத்தது. தேசிங்கோ நாளுக்கு நாள் வளர்ந்தான். தெருக்கூத்தில் முடியும் புயமும் கட்டி விடியவிடிய ஆடினான். அச்சுக்கூடங்கள் தோன்றியபின் பெரிய எழுத்துப் புத்தகமாக ஊர்தோறும் சென்றான். 1960இல் இராசா தேசிங்கு என்ற திரைப்படம் வெளிவந்தது, எம்.ஜி.ஆர். தேசிங்காகத் தோன்றினார். புத்தகத்தில் கேட்டதை மக்கள் திரையில் கண்டனர். ஒவ்வோர் ஊடகமும் கதையைத் தன் அளவுக்கு வெட்டியும் கூட்டியும் கொண்டது. ஆயினும் குதிரையையும் தோழனையும் எதுவும் கைவிடவில்லை.

கடலிக்கு அருகே நீலாம்பூண்டி என்னும் ஊர் உள்ளது. மகமத்கானையும் போரில் இறந்த குதிரையையும் அடக்கம் செய்த இடம் என்று அங்கே சமாதிகளைக் காட்டுவர். சிங்கவரத்துக் குன்றின்மேலும் வழிபாடு நடந்து வருகின்றது. தீபத்தின் ஒளி பாறைமுகத்தில் படும்போது, திருமுகம் எப்பக்கம் நோக்குகின்றது என்று காண, வந்தவர் தலையைச் சாய்த்துப் பார்க்கின்றனர்.